நகரசபையும் நஷ்டஈடும்

ஐக்கிய அமெரிக்காவின் வடபால், பேரேரிகளின் கரையில் அமைந்த விஸ்கான்ஸின் ராஜ்யத்தில், 1911-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி கவர்னர் பிரான்ஸிஸ் மக்கவர்ன் கையொப்பமிட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில், சரித்திர நோக்குடையோர் சற்று நின்று படிக்கத்தக்க இரண்டு விதிகள் உள்ளன. ஆலை முதலாளிக்கும் மரவாடிக்காரருக்கும் இச்சட்டத்தை ஏற்பதும் ஏலாததும் அவரவர் சித்தம் என்று விட்டுக்கொடுத்த சட்டசபை, ராஜ்யத்துக்கும், அதன் உட்பிரிவுகளாகிய கவுண்டிகளுக்கும், நகரங்களுக்கும், கிராமங்களுக்கும், பள்ளி வட்டாரங்களுக்கும் அந்த விருப்பத்தை வைக்காமல், அவை யாவும் தத்தம் ஊழியர்க்கு நஷ்டஈடு அளித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது முதல் விதி. ஊழியர் என்பவர் யார் என்று வரையறுக்கப் புகுந்து, நகரத்தின் சேவையில் நியமனத்தாலோ ஒப்பந்தத்தாலோ அமர்ந்த எவரும் ஊழியரே என்று சொல்லிய அதே மூச்சில், பதவி வகிக்கும் அதிகாரிகளை மட்டும் விலக்கி வைத்தது இரண்டாவது விதி. நகரத்தைக் கட்டிய சட்டம் நகரத்தை ஆள்வோரை வெளியே நிறுத்தியது. அவர்களை உள்ளே அழைப்பதா, அழைப்பதாயின் யாருடைய சம்மதத்தின் பேரில் அழைப்பது என்னும் கேள்வி அந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இன்றும் அதற்கு ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறு வேறு விடைகள் வழங்கிவருகின்றன.

இந்த இரண்டு விதிகளின் கனத்தை உணரவேண்டுமானால், அவற்றுக்கு முந்திய நூறாண்டுக் காலத்தில் கை இழந்தவனும் கால் இழந்தவனும் நியாயஸ்தலத்தின் வாசலில் பெற்ற மரியாதை எத்தகையது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில், கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பணியாள், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு ஒடிந்து, எஜமானர்மேல் வழக்குத் தொடுத்தான். ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் 1837-இல் லார்ட் அபிஞ்சர், பணியாளுக்கு இத்தகைய வழக்குரிமை உண்டென்று ஒப்பினால் அதற்கு எல்லையே இராது என்று கருதி அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், நாளொன்றுக்கு 2 டாலர் கூலி பெற்ற ரயில் எஞ்ஜின் டிரைவர் ஒருவர், தண்டவாளத் திருப்பத்தில் வேறொரு சிப்பந்தி செய்த தவறினால் ரயில் தடம் புரண்டு வலது கையை இழந்தபோது, பிரதம நீதிபதி லெமுவேல் ஷா, அபாயமான வேலைக்குக் கூலி அதிகம் என்பதனால் அபாயத்தின் விலையும் அந்தக் கூலியிலேயே அடங்கிவிட்டது என்று தீர்ப்புக் கூறினார். சக ஊழியனின் தவறுக்கு எஜமானர் பொறுப்பில்லை. தெரிந்தே அபாயத்தை ஏற்றவனுக்கு வழக்கில்லை. தன் அஜாக்கிரதையும் சிறிது கலந்திருந்தால் ஒன்றுமே இல்லை. இந்த மூன்று தடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, காயம்பட்டவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஷா பெரும் புலமையுடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2 டாலரில் ஒரு வலது கையின் விலையைக் கண்ட அந்தத் தர்க்கத்தை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

தனியாரிடம் உழைத்தவன் கதி இதுவானால், நகரத்துக்கு உழைத்தவன் முன் இன்னொரு தடையும் இருந்தது. அரசன் தவறிழையான் என்னும் புராதன சித்தாந்தம் குடியரசு நாட்டிலும் பெயர் மாறி வாழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் டெவன் கவுண்டியில் பழுதுபட்ட பாலத்தினால் வண்டி சேதமானதற்கு அக்கவுண்டியின் குடிகள்மேல் தொடுத்த வழக்கு 1788-இல் தள்ளப்பட்டது. குடிகள் அனைவர்க்கும் பொதுவான கஜானா ஒன்று இல்லாதபோது நஷ்டத்தை யாரிடம் வசூலிப்பது என்பது நீதிபதிகள் கூறிய காரணங்களுள் ஒன்று. அந்தத் தீர்ப்பின் நிழல் அட்லாண்டிக் கடல் தாண்டியும் நீண்டது. தீயணைப்போர் குழாய் வண்டியை வீதியில் இழுத்தோடியபோது காயம்பட்ட ஒருவர் நியூ பெட்போர்ட் நகரத்தின்மேல் தொடுத்த வழக்கில், அவர்கள் செய்தது பொதுஜன நன்மைக்கான காரியமாதலால் நகரம் அவர்கள் செயலுக்குப் பொறுப்பாகாது என்று மாஸசூஸெட்ஸ் நியாயஸ்தலம் 1860-இல் விதித்தது. ஊருக்காகச் செய்யும் வேலையே உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டே, அந்த வேலையினால் நேரும் துன்பத்துக்கு ஊர் பொறுப்பாகாது என்று சொல்லும் விபரீதம் இவ்வாறு சட்டமாகவே நிலைபெற்றது.

ஆதலால் சாக்கடைக் குழியில் மண் சரிந்து புதைந்தவனுடைய மனைவிக்கும், எரியும் வீட்டின் கூரையிலிருந்து விழுந்தவனுடைய குழந்தைகளுக்கும் மிஞ்சியது தர்மசிந்தை ஒன்றே. சகாக்கள் தம்முள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்; தீயணைப்போர் தமக்குள் சகாய நிதிகள் வைத்துக்கொண்டார்கள்; நியூயார்க் நகரம் 1857-இல் கடமையில் ஊனமுற்ற காவலர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தியது. இவை நல்ல காரியங்களே. ஆனால் கேட்டுப் பெறும் உதவிக்கும் உரிமையாக வந்து சேரும் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை, பெற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

தவறு யாருடையது என்று தேடுவதையே விட்டுவிட்டு, விபத்துத் தொழிலில் நேர்ந்ததா என்பதொன்றை மட்டும் கேட்டு நஷ்டஈடு கொடுப்பது என்னும் புதுமையை, பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1884-ஆம் ஆண்டு விபத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜோஸப் சேம்பர்லேனின் முயற்சியால் பிரிட்டன் 1897-இல் தன் சட்டத்தை இயற்றியது; 1924-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நம் நாட்டில் அமலுக்கு வந்த, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் அந்தப் பிரிட்டிஷ் மரபைச் சேர்ந்ததே. அமெரிக்கா பின்தங்கி வந்தது. பிட்ஸ்பர்க் நகரம் அடங்கிய அலிகெனி கவுண்டியில் 1906 ஜூலை முதல் ஓராண்டுக்குள் வேலையில் மாண்டவர் 526 பேர் என்று வீடு வீடாக விசாரித்து எழுதிய கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்னும் இளம்பெண், இறந்தவர்களுடைய குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதலாளிகளிடமிருந்து பெற்றது 100 டாலரோ அதற்கும் குறைவோதான் என்பதைத் தம் 1910-ஆம் ஆண்டு நூலில் உலகறியச் செய்தார். அதற்கு முன்பே, 1908 மே 30-இல், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் வற்புறுத்தலால், மத்திய சர்க்காரின் ஆயுதச்சாலைகளிலும் கப்பற்பட்டறைகளிலும் பனாமாக் கால்வாய் வேலையிலும் உழைத்தோர்க்கு நஷ்டஈடு வழங்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. சொந்த ஊழியனைக் கைவிடும் சர்க்கார் தனியாரைப் பார்த்து நீதி பேசுவது எப்படி என்னும் உறுத்தல் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. நகரங்களின் விஷயத்திலும் அதே உறுத்தல்தான் பிற்பாடு வேலை செய்தது.

1911-ஆம் ஆண்டின் வசந்தம் இந்தச் சரித்திரத்தில் மறக்கொணாதது. மார்ச் 24-ஆம் தேதி நியூயார்க்கின் உச்ச அப்பீல் நியாயஸ்தலம், அந்த ராஜ்யம் முந்திய ஆண்டு இயற்றிய கட்டாய நஷ்டஈட்டுச் சட்டம் தவறேதும் செய்யாத முதலாளியின் சொத்தை முறையின்றிப் பறிப்பதாகும் என்று கூறி, அதைச் செல்லாதென்று ஒதுக்கியது. மறுநாளே, அதே நியூயார்க் நகரத்தில், ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றி, பெரும்பாலும் இளம் பெண்களான 146 பேர் மாண்டனர். இவற்றின் எதிரொலி அடங்குமுன் விஸ்கான்ஸின் தன் சட்டத்தை நிறைவேற்றியது. அது ஆத்திரத்தில் பிறந்த சட்டமல்ல. ஜான் ஆர். காமன்ஸ் முதலிய பேராசிரியர்கள் சட்டசபைக்கு அருகிருந்து ஆராய்ந்து உதவிய ராஜ்யம் அது. அதன் தலையாய நகரமாகிய மில்வாக்கியில் 1910-இல் எமில் ஸைடல் என்னும் சோஷலிஸ்டு மேயராகியிருந்தார். நியூயார்க்கின் சட்டத்துக்கு நேர்ந்த கதி தம் சட்டத்துக்கும் நேராதிருக்கவே, தனி முதலாளிக்கு விருப்பத்தை விட்டுவைத்தனர். ஆயினும் விலகி நின்ற முதலாளி, பழைய தடைகளுள் சக ஊழியர் தவறு, தெரிந்தேற்ற அபாயம் என்னும் இரண்டையும் சொல்லித் தப்பிக்கும் உரிமையைப் பெரும்பாலும் இழந்தார். காயம்பட்டவர்க்கு வாரக் கூலியில் நூற்றுக்கு 65 வீதம் வகுக்கப்பட்டது.

நகரங்களைக் கட்டாயத்துக்கு உட்படுத்தியதில் சட்ட நுட்பம் ஒன்று உண்டு. நகரசபை என்பது ராஜ்யம் பெற்ற பிள்ளை. ராஜ்யத்தின் சட்டத்தால் உருவாகி, அதன் சட்டத்தால் மாற்றப்படுவது. ஆகவே தன் சொத்து முறையின்றிப் பறிக்கப்படுகிறது என்று தனி முதலாளி முறையிடுவதுபோல நகரம் முறையிட இடமில்லை. நியூயார்க்கில் மார்ச் மாதம் இடறிய கல் மில்வாக்கி நகரசபையின் வழியில் கிடக்கவில்லை. ஆனால் நுட்பம் மட்டும் அதற்குக் காரணமென்று நான் நினைக்கவில்லை. வரிப்பணம் என்பது எல்லோருடைய பணம். எல்லோருக்கும் தெரு பெருக்குகிறவனுடைய காயத்தின் செலவை எல்லோரும் சேர்ந்து ஏற்பதைவிடச் சுலபமாக நியாயம் விளங்கும் இடம் வேறெதுவும் இல்லை. டெவன் கவுண்டியின் குடிகளுக்குப் பொதுக் கஜானா இல்லை என்று 1788-இல் சொன்ன காரணம், 123 ஆண்டுகள் கழித்து நேர்மாறாகத் திரும்பிற்று: பொதுக் கஜானா இருக்கிறபடியால் அதுவே முதலில் கொடுக்கக் கடவது என்றாயிற்று.

இனி, விலக்கப்பட்ட அதிகாரிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊழியன் கூலி ஒப்பந்தத்தினால் வருகிறான். பதவியாளரோ பிரமாணம் எடுத்துக்கொண்டு, மக்களுடைய ஆட்சி அதிகாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறவர். அவருக்கு எஜமானர் இல்லை, ஒப்பந்தம் இல்லை, ஆகவே நஷ்டஈடும் இல்லை என்பது பழைய வாதம். இதில் தர்க்கக் குறை இல்லாமலிருக்கலாம். ஆனால் அந்தத் தர்க்கம் எங்கே போய் முட்டிற்று என்பதைக் காண மிச்சிகன் ராஜ்யத்துக்குப் போனால் போதும். பாண்டியாக் நகரத்துக் காவலர் ஒருவரைப் பற்றிய வழக்கில் அந்த ராஜ்யத்தின் உச்ச நியாயஸ்தலம் 1915-இல், காவலர் என்பவர் நகரத்தின் ஊழியரல்லர், அதிகாரி என்றும், ஆதலால் நஷ்டஈட்டுச் சட்டம் அவரைச் சேராதென்றும் தீர்ப்பளித்தது. மேயரைக் கருதிப் போட்ட வேலி இரவில் தெருக்காவல் புரியும் மனிதரையும் அகப்படுத்திவிட்டது. சாக்கடை வெட்டுகிறவர்க்கு உண்டு, சாக்கடைத் தெருவில் கள்வனைத் துரத்தி விழுகிறவர்க்கு இல்லை என்னும் நிலையை மக்கள் நெடுநாள் பொறுக்கவில்லை. ராஜ்யங்கள் ஒவ்வொன்றாய்த் தம் சட்டங்களைத் திருத்திக் காவலரையும் தீயணைப்போரையும் பெயர் சொல்லியே உள்ளே சேர்த்துக்கொண்டன. விஸ்கான்ஸினோ, பின்வந்த திருத்தங்களால், தேர்ந்தெடுக்கப்பட்டோரும் நியமிக்கப்பட்டோரும் ஆகிய அதிகாரிகள் அனைவரையும் ஊழியர் என்னும் வரையறைக்குள்ளேயே கொண்டுவந்து, 1911-இல் தான் எழுதிய விலக்கைத் தானே அழித்துவிட்டது.

டெக்ஸாஸ் ராஜ்யம் வேறு பாதையில் நடந்தது. அந்தப் பாதையே எனக்கு அதிகம் போதனை தருவதாகத் தோன்றுகிறது. தனி முதலாளிகளுக்காக 1913-இல் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றிய அந்த ராஜ்யம், அதில் சேருவதும் சேராததும் முதலாளியின் விருப்பம் என்பதை இன்றளவும் கைவிடவில்லை. நகரங்களின் விஷயத்திலோ இடர்ப்பாடு அடியிலேயே இருந்தது. டெக்ஸாஸின் 1876-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், பொதுப் பணத்தைத் தனி மனிதர்க்குத் தானமாக வழங்குவதைக் கடுமையாகத் தடுத்திருந்தது. காயம்பட்ட ஊழியனுக்குக் கொடுப்பதும் அத்தகைய தானமே ஆகிவிடுமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, சாசனத்தையே திருத்த நேர்ந்தது. 1936-இல் ராஜ்யத்தின் ஊழியர்க்காகவும், 1948-இல் கவுண்டிகளின் ஊழியர்க்காகவும், 1952-இல் நகரங்களின் ஊழியர்க்காகவும் திருத்தங்கள் மக்களுடைய வாக்குக்கு வைக்கப்பட்டு நிறைவேறின. காயத்துக்கு ஈடு கொடுப்பது தானமல்ல, செலுத்த வேண்டிய கடன் என்பதை ஒரு ஜனசமூகம் வாக்குச்சீட்டின் மூலம் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது! அவ்வளவுக்குப் பிறகும் அது நகரங்களுக்கு அனுமதியாயிற்றேயன்றிக் கடமையாகவில்லை. எந்த நகரம் விரும்பிற்றோ அந்த நகரத்தின் ஊழியனுக்குப் பாதுகாப்பு. அடுத்த நகரத்தின் ஊழியனுக்கு இல்லை.

அனுமதி கடமையாக மாறியது 1970-களில். வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிய 1970-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தினால் ஏற்பட்ட தேசியக் கமிஷன், ஜான் பர்ட்டன் என்பவரின் தலைமையில் ராஜ்யங்களின் நஷ்டஈட்டுச் சட்டங்களையெல்லாம் பரிசோதித்து, 1972-இல் தன் அறிக்கையில் 84 சிபார்சுகளைச் செய்து, அவற்றுள் 19 இன்றியமையாதவை என்று குறித்தது. சர்க்கார் ஊழியர் அனைவரையும் கட்டாயமாகச் சேர்க்கவேண்டும் என்பது அந்த 19-இல் ஒன்று. டெக்ஸாஸ் சட்டசபை மறு ஆண்டே சட்டம் இயற்றி, 1974 ஜூலை 1 முதல் நகரங்களும் கவுண்டிகளும் ஏனைய உள்ளாட்சி ஸ்தாபனங்களும் தம் ஊழியர்க்கு நஷ்டஈட்டுப் பாதுகாப்பு அளித்தே ஆகவேண்டும் என்று விதித்தது. எவ்வாறு அளிப்பது என்பதில் மட்டும் மூன்று வழிகளைத் திறந்து வைத்தது. நகரம் தன் கஜானாவிலிருந்தே நேராகக் கொடுக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பாலிஸி வாங்கலாம். அல்லது பிற நகரங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும் கூட்டு நிதியில் சேரலாம்.

இந்த மூன்றில் எதைத் தேர்வது என்பது ஒவ்வொரு நகரசபையின் மேஜைமீதும் வந்து விழுந்த கேள்வி. பெரிய நகரத்துக்கு முதல் வழி பொருந்தும். ஆயிரக்கணக்கில் ஊழியர் இருக்குமிடத்தில் விபத்தின் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும், அதை வரவுசெலவுத் திட்டத்தில் முன்கூட்டியே கணிக்கலாம். சிற்றூருக்கோ, ஒரு காவலரின் முதுகெலும்பு முறிவே ஓராண்டு வரிவசூலை விழுங்கிவிடக்கூடும். கம்பெனியிடம் போனால், சம்பளப் பட்டியலின் ஒவ்வொரு 100 டாலருக்கும் இத்தனை என்று, வேலையின் தன்மைக்கேற்பப் பிரீமியம் வைப்பார்கள். குப்பை வண்டிக்காரர்க்கு ஒரு விகிதம், காவலர்க்கு ஒரு விகிதம், கணக்கெழுதுகிறவர்க்கு மிகக் குறைந்த விகிதம். முந்திய ஆண்டுகளில் விபத்து மிகுந்த ஊருக்கு விகிதம் ஏறும். ஆகவே டெக்ஸாஸ் நகரங்களின் சங்கம் 1974-இலேயே கூட்டு நஷ்டஈட்டு நிதியை நிறுவியது. நாடு முழுவதும் இத்தகைய நிதிகள் பின்னர்ப் பெருகின. 1980-களின் நடுவில் பொறுப்பு இன்ஷூரன்ஸின் விலை தாளமாட்டாமல் ஏறி, கம்பெனிகள் நகரங்களைக் கைவிடத் தொடங்கியபோது, சிற்றூர்கள் பலவற்றுக்குப் புகலிடமானவை இந்த நிதிகளே. இலாபம் பங்கிட வேண்டியதில்லை என்பது மட்டுமல்ல அவற்றின் சிறப்பு. குழி வெட்டும்போது பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுப்பது எப்படி என்று ஊர் ஊராகச் சென்று கற்பிக்க ஆட்களை அனுப்புவதில் அவற்றுக்கே சுயநலம் இருந்தது. விபத்து நேர்ந்தபின் கொடுப்பதைவிட நேராமல் காப்பது மலிவு என்பதைப் பணம் போட்டவர்களே நிர்வகித்த ஸ்தாபனம் விரைவில் கண்டுகொண்டது.

இவ்வளவுக்கும் நடுவில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கேள்வியை டெக்ஸாஸ் தீர்த்த விதம் கவனத்துக்குரியது. அவர்களை அது சட்டத்தாலேயே சேர்க்கவுமில்லை, சட்டத்தாலேயே விலக்கவுமில்லை. நகரசபையின் அங்கத்தினர்கள் பெரும்பான்மை வாக்கினால் தீர்மானித்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகளையும், கூலி பெற்று ஜூரிகளாக அமர்வோரையும், தேர்தல் நடத்தும் வேலைக்காகக் கூலி பெறுவோரையும் ஊழியர்களாகக் கருதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. தமக்குத் தாமே நன்மை செய்துகொள்ள வாக்களிப்பது அடாது என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. அவர்களுடைய கவலை பொய்யல்ல; மக்களின் பிரதிநிதி தன் பைக்கு வாக்களிக்கும்போது மக்கள் விழித்திருக்கவேண்டியதே. ஆனால் மறைவில் வழங்கும் சலுகையைவிட, சபை கூடி, கை தூக்கி, நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைக்கும் தீர்மானம் ஆயிரம் மடங்கு நேர்மையானது; அதைப் படித்துப் பார்த்து அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கும் வழி எந்தப் பிரஜைக்கும் திறந்தேயிருக்கிறது.

நான் சேர்ப்பதையே ஆதரிக்கிறேன். சிற்றூரின் மேயர் பெரும்பாலும் கடையோ வயலோ வைத்திருப்பவர். நகரசபை அவருக்குத் தருவது சொற்பப் படி. வெள்ளம் வந்த இரவில் பாலத்தைப் பார்க்கப் போகிறவரும், தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறிப் பார்க்கிறவரும் அவரே. அங்கே விழுந்தால், ஊழியர் அல்லர் என்பதால் நஷ்டஈடு இல்லை. நகரத்தின்மேல் வழக்குத் தொடுத்தாலோ, அரசன் தவறிழையான் என்ற பழைய காப்பின் மிச்சம் பலவிடங்களில் வழியடைத்து நிற்கும். ஊழியன் வழக்குரிமையைக் கொடுத்து நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டான் என்பதுதான் 1911-இன் உடன்படிக்கை. வெளியே நின்ற பதவியாளர் இரண்டில் எதையும் பெறவில்லை. நஷ்டஈட்டுச் சட்டத்துக்கு முந்திய தொழிலாளியின் நிலையிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். அதனால் வசதியுள்ளவர் மட்டுமே பதவிக்கு வரத் துணிவார் என்பதும் ஆலோசிக்கத்தக்கது.

சேர்த்துக்கொண்டாலும் முடிச்சுகள் உண்டு. இழந்த வருமானத்துக்கு ஈடு கணக்கிடும்போது நகரம் கொடுத்த படியையே அடிப்படையாகக் கொண்டால், தச்சுத் தொழிலில் பிழைக்கும் கவுன்ஸிலருக்குக் கை போனால் கிடைப்பது பெயரளவிலான தொகைதான். வைத்தியச் செலவை நகரம் ஏற்பதே அவர்க்கு உண்மையான லாபம். அவருடைய வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும் எளிதன்று: சபைக்கூட்டத்தில் இருக்கும்போது சந்தேகமில்லை, சந்தைத் தெருவில் ஒரு வாக்காளர் நிறுத்திக் குழாய்ப் பழுதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் வண்டி மோதினால் அது நகரத்தின் வேலையில் நேர்ந்ததா, சொந்த வேலையில் நேர்ந்ததா? ஆதலால் அனுபவமுள்ள நகரசபைகள் தீர்மானத்தை எழுதும்போதே, எந்தெந்தப் பதவிகள் சேரும், சபையின் கட்டளைப்படி செய்யும் எந்தெந்தக் காரியங்கள் வேலையாகக் கருதப்படும் என்பவற்றைக் குறிப்பிட்டு, அந்தப் பெயர்ப்பட்டியலைக் கூட்டு நிதிக்கோ கம்பெனிக்கோ முன்னதாகவே அனுப்பி, உரிய பிரீமியத்தையும் செலுத்திவிடுகின்றன. தீர்மானத்துக்கு முந்திய நாள் பாலத்திலிருந்து விழுந்த மேயருக்கு மறுநாள் எடுக்கும் வாக்கு உதவுவதில்லை; ஆகவே புதிய சபை பதவியேற்றதும் முதற் கூட்டங்களிலேயே இதை எடுத்துக்கொள்வது நன்று.